வடசென்னை ஆராதனைப் பாடகி ஒருவரின் முதல் ஆல்பமும் சபைகள் அதை ஏற்ற விதமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாடகி இருபதுகளின் நடுவில் இருப்பவர். தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபத்தின் மாடியை வாடகைக்கு எடுத்துக் கூடிவரும் சுயாதீனப் பெந்தெகொஸ்தே சபையில், பள்ளிப் பருவம் முதல் ஆராதனைக் குழுவில் பாடுகிறார். அம்மா வழியில் ராயபுரத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். அதனால் கீர்த்தனையும் பாமாலையும் கேட்டு வளர்ந்தவர். குரல் வளம் அபாரம். மேல் ஸ்தாயியில் நடுங்காமல் நின்று பாடக்கூடியவர்.

ஆல்பத்தில் 7 பாடல்கள். அவற்றில் 5 மெதுவான ஆராதனைப் பாடல்கள். ஒன்று பழைய கீர்த்தனையின் புது வடிவம். இன்னொன்று ஆறெட்டுத் தாளத்தில் அமைந்த வேகப்பாட்டு. வரிகளைப் பாடகியே எழுதினார். மெட்டமைத்தவர் அவர் சபையின் கீபோர்டு வாசிப்பாளர், பாடகி ‘அண்ணா’ என்று அழைப்பவர். இசைக்கோப்பு செய்தவர் பெரம்பூரில் வீட்டு மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும், கணினியில் வாத்திய இசை அமைக்கும் ஒரு புரோகிராமர்.

பாடல்கள் எந்த மாதிரி சபைகளுக்குப் போகவேண்டும் என்பதில் பாடகிக்குத் தெளிவு இருந்தது. வியாசர்பாடி, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, எண்ணூர் பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு சபைகள்தான் அவர் மனதில் இருந்தவை. அங்கே பேண்டு கிடையாது. இந்தியத் தாளங்கள் உள்ள யமஹா பி.எஸ்.ஆர். வகைக் கீபோர்டு ஒன்று, ரிதம் பேட் ஒன்று, இரண்டு மூன்று மைக், ஒரு சின்ன மிக்ஸர். பாடுகிறவர்களில் பாதிக்கு மேல் நடுவயதைத் தாண்டிய பெண்கள். நோக்கம் இவ்வளவு தெளிவாக இருந்தும், பதிவின்போது எடுத்த முடிவுகள் வேறொரு பக்கம் இழுத்துக்கொண்டு போயின. இந்த நிகழ்வைப் பதிவு செய்வதற்குக் காரணமே அதுதான்.

பதிவின்போது எடுத்த முடிவுகள்

முதல் முடிவு சுருதி. மெதுவான பாடல்களில் மூன்றைப் பாடகியின் குரல் மிளிரும் 5½ கட்டையில், அதாவது ஜி ஷார்ப்பில் வைத்தார்கள். சரணம் மத்திய ஸ்தாயி ஸட்ஜத்திலிருந்து (ஸ) பஞ்சமம் (ப) வரை தாழ்வாக நடக்கும். பல்லவி அப்படியே ஒரு ஸ்தாயி, அதாவது ஸ முதல் அடுத்த ஸ வரையான தூரம், ஏறி மேல் பஞ்சமத்தைத் தொடும். கீபோர்டு கணக்கில் பெண் குரலுக்கு ஜி ஷார்ப் 3 முதல் டி ஷார்ப் 5 வரை (எண் ஸ்தாயியைக் குறிக்கும்), ஒன்றரை ஸ்தாயி. இன்றைய ஆராதனை இசையில் இந்த ஏற்றம் பரவலாகப் புழங்கும் உத்தி. ஹெட்போனில் கேட்டால் மயிர்க்கூச்செறியும்.

இரண்டாவது, பாட்டின் வரிசை. நம் கீர்த்தனை மரபில் பல்லவி முதலில் வரும். சபை எடுத்த எடுப்பிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். இங்கே மேற்கத்திய முறையில் இரண்டு சரணம் முடிந்த பிறகே பல்லவி. முன்னிசை மட்டும் 16 பார் (தாளச் சுற்று). 68 பி.பி.எம். (நிமிடத்துக்கு 68 தட்டு) வேகத்தில், நாலு தட்டுத் தாளத்தில், ஒரு பார் மூன்றரை விநாடி. ஆக ஒருவர் வாய் திறப்பதற்கே ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிவிடும்.

மூன்றாவது, மூச்சு. பல்லவியின் ஒரு வரி இடைவெளியின்றி 4 பார் நீண்டது. அதாவது 14 விநாடி. ஸ்டூடியோவில் பல டேக்குகளிலிருந்து நல்ல துண்டுகளை எடுத்து ஒட்டியதால் பாடகி எங்கே மூச்செடுத்தார் என்பதே தெரியவில்லை. மூச்சு கேட்காத பதிவைப் பார்த்துப் பழகும் சபைக்கும் எங்கே மூச்செடுப்பது என்று தெரியாது.

குரல் பதிவில் வழக்கமான வடசென்னைத் தொல்லைகள் இருந்தன. ரயிலின் ஹார்ன், கண்டெய்னர் லாரிகளால் கட்டடத்தின் வழியே ஏறிவரும் அதிர்வு. ஹார்னுக்கு இரவுப் பதிவுதான் வழி. லாரி அதிர்வு பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால், மைக் ஸ்டாண்டைத் தரையில் நேரடியாக வைக்காமல் தடித்த ரப்பர் விரிப்பின்மேல் வைத்து, 90 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை வெட்டிவிட்டார்கள். பெண் குரலுக்கு அதனால் இழப்பில்லை. இந்த வேலையைக் குறையின்றிச் செய்தார்கள். ஒலியை இறுதியாகச் செப்பனிடும் மாஸ்டரிங்கில் மட்டும் சத்தத்தைப் பிழிந்து மைனஸ் 8 எல்.யூ.எஃப்.எஸ். (சத்தத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வரை ஏற்றினார்கள். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் மைனஸ் 14 அளவுக்கு அதை இறக்கிவிடும் என்பதால், ஏற்றியதில் மிஞ்சியது நெரிசல் மட்டுமே.

பணத்தில் பாதிக்கு மேல் வீடியோவுக்குப் போனது. கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) குறித்த தாள், சபைத் திரைக்கான பாடல் வரிகள், குரலில்லாத டிராக் ஆகிய மூன்றையும் யாரும் தயாரிக்கவில்லை.

வெளியீடு

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் சபையிலேயே ஜெபத்தோடு வெளியிட்டார்கள். இந்தத் தேதிக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. டிசம்பர் முழுக்க கேரல் ரவுண்ட், அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது. 31ஆம் தேதி இரவு ஆராதனையில் புது வருட வாக்குத்தத்த வசனம் அறிவிக்கப்படும், ஜனவரியில் சபைகள் அந்த வசனத்துக்கான பாட்டைத்தான் பழகும். அடுத்து சி.எஸ்.ஐ., கத்தோலிக்க ஆலயங்களில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்கள் வந்துவிடும். புதிய ஆராதனைப் பாட்டைக் கற்றுக்கொள்ள எந்தச் சபைக்கும் அந்தக் காலத்தில் இடமில்லை.

டிஜிட்டல் வெளியீட்டில் இரண்டு கோளாறுகள். பாடகியின் பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாகப் பதிவேற்றியதால் 4 பாடல்கள் ஒரு பக்கத்திலும், 3 பாடல்கள் அதே பெயருள்ள வேறொரு பாடகரின் பக்கத்திலும் போய் நின்றன. முதல் பாட்டைப் பதிவேற்றும்போதே கலைஞர் பக்கத்தின் அடையாள எண்ணைக் கொடுத்து, பிறகு எல்லாப் பாட்டுக்கும் அதே எண்ணைப் பயன்படுத்தினால் இது நேராது. இன்னொன்று, ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழு தொகுக்கும் பாட்டுப் பட்டியலுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே பாட்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே மாஸ்டர் முடிந்ததே வெளியீட்டுக்கு நாலு நாள் முன்புதான்.

முதல் மாதங்களில் கண்டவை

கேட்டவர்கள் மனதாரப் பாராட்டினார்கள். குரலைப் பற்றி, வரிகளின் ஆழத்தைப் பற்றி வந்த செய்திகள் உண்மையானவை. கன்வென்ஷன்களுக்கு அழைப்பும் வந்தது. ஆனால் அழைத்தவர்கள் எல்லாரும் காணிக்கை வேளையில் ஒரு ‘ஸ்பெஷல் பாட்டு’ பாடச் சொன்னார்கள். ஆராதனை நடத்த அழைக்கவில்லை. சபை உட்கார்ந்து கேட்கும் பாட்டாக அது இருந்தது. எழுந்து நின்று பாடும் பாட்டாக இல்லை.

இதைக் கண்டுபிடித்த முறை மற்றவர்களுக்கும் பயன்படும். சில சபைகளில் ஆர்வத்தோடு பாட்டை எடுத்துப் பாடினார்கள், பதிவையும் அனுப்பினார்கள். மிக்ஸரிலிருந்து எடுத்த அந்தப் பதிவில் எல்லாம் நன்றாகவே இருந்தது. மிக்ஸரில் வருவது மைக் பிடித்தவர்களின் குரல்தான். சபையின் குரல் அதில் இருக்காது. பிறகு ஒரு போனை நடு வரிசை நாற்காலியில் வைத்துப் பதிவு செய்தார்கள். அதில் விஷயம் தெளிந்தது. முதல் சரணத்தில் முணுமுணுப்பு. பல்லவி ஏறும் இடத்தில் பெண்கள் குரல் அறுந்து நின்றுவிட்டது. ஆண்களில் சிலர் கீழ் ஸ்தாயியிலேயே தங்கினார்கள், சிலர் கத்தினார்கள். மூன்றாவது சுற்றில் மைக் குரல் மட்டுமே மிச்சம்.

காசிமேட்டு சபையின் மூத்த அம்மா ஒருவர் பாடகியிடம் நேராகவே சொன்னார்: “பாட்டு நல்லாத்தாம்மா கீது. எங்க கொரலுக்கு எட்டல.”

சிறு சபைகளின் கீபோர்டுக்காரர்களுக்கு வேறு சிரமம். அவர்களில் பலர் சி மேஜரில் வாசித்து, டிரான்ஸ்போஸ் பொத்தானால் சுருதியை மாற்றிக்கொள்பவர்கள். இடது கையில் மூன்று விரலில் கோர்டு, தாளத்துக்கு ஆட்டோ ஸ்டைல். ஆல்பத்திலோ பேஸ் ஸ்வரம் தனியாக நகரும் கோர்டுகளும், கூட்டு ஸ்வரங்கள் சேர்ந்த கோர்டுகளும். காதால் கேட்டு எடுத்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எடுத்தார்கள். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்குப் போனபோது பாட்டே மாறிப்போயிருந்தது. திரையில் போட்ட வரிகளும் அப்படியே. கேட்டு எழுதியதால் எழுத்துப்பிழைகள் மலிந்தன. ஒரு பாட்டில், நீளக் கூடாத குறில் மேல் மெட்டு நின்றதால் ‘மலை’ என்பது ‘மாலை’ ஆகக் கேட்டது. திரையிலும் ‘மாலை’ என்றே ஏறிவிட்டது.

யாரும் எதிர்பாராதது, வேகப்பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பு. ஒருவர் அழைக்க மற்றவர் பதில் சொல்லும் அமைப்பு, ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் மெட்டு, டோலக்கும் சட்டியும் சேர்ந்த கானா அடி. அந்த டிசம்பரிலேயே வாலிபர்கள் அதைக் கேரல் ரவுண்டில் பாடத் தொடங்கினார்கள். எதிர்ப்பும் அதற்கே வந்தது. சபை மூப்பர் ஒருவர் போதகரிடம் சொன்னார்: “பாஸ்டர், இது சாவு வீட்ல அடிக்கிற அடி. பலிபீடத்துல ஏத்தக் கூடாது.”

உரிமைச் சிக்கல்கள்

வெளியான சில வாரங்களில் யூடியூப்பின் கன்டென்ட் ஐடி (பதிந்துவைத்த ஒலியோடு ஒத்துப்போகும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) வழியாக இரண்டு உரிமைக் கோரிக்கைகள் வந்தன. ஒன்று, மெதுவான பாட்டில் பயன்படுத்திய ஆயத்த வயலின் லூப் (திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலித்துண்டு) பற்றியது. அந்த லூப்பை விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். பயன்படுத்த உரிமை உண்டு. ஆனால் அதே லூப்பை வாங்கிய வேறொருவர் தன் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதிந்திருந்தார். எல்லாருக்கும் விற்கப்படும் லூப் உள்ள பாட்டை அங்கே பதியக் கூடாது என்பதே தளத்தின் விதி. உரிமத்தின் நகலோடு மறுப்பு அனுப்பியதும் கோரிக்கை விலகியது.

இரண்டாவது, கீர்த்தனை. அதை இயற்றிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். இந்தியாவில் ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை என்பதால், வரிகளை யாரும் பாடலாம். சிக்கல் வந்தது இடையிசையில். சிறுவயதில் கேட்ட கேசட்டில் இருந்த இடையிசையை புரோகிராமர் அப்படியே வாசித்திருந்தார். அது அந்த இசைக்கோப்பாளரின் படைப்பு. மறுப்பதற்கு நியாயமே இல்லை. பாட்டை இறக்கி, இடையிசையைப் புதிதாக அமைத்து மீண்டும் ஏற்றினார்கள்.

மனங்களை அதிகம் நோகடித்தது மூன்றாவது. பாடகியின் டிஜிட்டல் விநியோகஸ்தர், விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்திருந்ததால், ஆல்பம் முழுவதையும் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டார். ஆல்பத்தின் ஒலியை ஓடவிட்டு நேரலை செய்த மூன்று சபைகளின் வீடியோக்கள்மீது கோரிக்கை விழுந்தது. “ஆராதனைப் பாட்டுக்குக் காசு கேட்கிறார்களா?” என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் பரவியது. பாடகிக்கு அதுவரை இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரியாது. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, உண்மையான சமயச் சடங்கின்போது பாடுவதையும் ஒலிப்பதையும் மீறலாகக் கொள்வதில்லை. ஆனால் யூடியூப்பின் தானியங்கிப் பொருத்தம் அந்தப் பிரிவைப் பார்ப்பதில்லை; ஒலி ஒத்துப்போனால் கோரிக்கை தானாக எழும். உரிமையாளர் கையில் மூன்று வழிகள் உண்டு: வீடியோவைத் தடுப்பது, விளம்பர வருமானத்தை எடுப்பது, வெறுமனே கண்காணிப்பது. பாடகி கண்காணிப்பு மட்டும் போதும் என்று மாற்றச் சொன்னார், சபை சேனல்களை விலக்குப் பட்டியலில் சேர்க்கவும் கேட்டார். அந்த மூன்று சபைப் போதகர்களையும் நேரில் போய்ப் பார்த்து விளக்கினார். அதன் பிறகுதான் பேச்சு அடங்கியது.

மெட்டமைத்தவரோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதது கடைசியில் தெரிந்தது. மெட்டுக்கு முதல் உரிமையாளர் அதை அமைத்தவர். உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். இருவரும் நல்லுறவில் இருந்ததால் ஒரே அமர்வில் தீர்ந்தது. மெட்டு அண்ணாவுடையது, வரிகள் பாடகியுடையவை, ஒலிப்பதிவுக்குப் பணமும் பொறுப்பும் ஏற்ற பாடகியே அதன் தயாரிப்பாளர் என்று எழுதிக்கொண்டார்கள்.

மாற்றங்களும் காரணங்களும்

ஈஸ்டருக்குப் பிறகு பாடல்களைச் சபைக்காகத் திரும்ப அமைப்பதென்று தீர்மானித்தார்கள். முதலில் நினைத்தது சுருதியை இறக்குவது மட்டும். அது பலிக்கவில்லை. 3 கட்டைக்கு, அதாவது ஈ-க்கு இறக்கினால் பல்லவி வசதியாகிவிடும். ஆனால் சரணம் பெண்களுக்கு ஈ 3 வரை இறங்கி மூச்சாகவே நின்றுவிடும். ஒன்றரை ஸ்தாயி அகலமுள்ள மெட்டுக்கு எந்தச் சுருதியும் பரிகாரம் ஆகாது. அகலத்தையே குறைக்க வேண்டும்.

ஆகவே பல்லவியை ஒரு ஸ்தாயி இறக்கிச் சரணம் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து, முழுப் பாட்டையும் 2 கட்டையில், டி-யில் வைத்தார்கள். இப்போது பெண்களுக்கு டி 4 முதல் ஏ 4 வரை. பிரிட்ஜில் (பாட்டின் நடுவே வரும் இணைப்புப் பகுதி) மட்டும் ஒரே முறை மேல் ஸட்ஜம், டி 5. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். ஏற்றம் போனதால் வந்த தட்டைத்தன்மையை வேறு வழியில் ஈடுகட்டினார்கள். சரணத்தில் கீபோர்டு மட்டும், பல்லவியில் தாளமும் இரண்டாம் குரலும். பல்லவி முதலில் வந்தது. முன்னிசை 4 பார் ஆனது. 14 விநாடி வரியை இரண்டாக உடைத்து நடுவில் இரண்டு தட்டு இடைவெளி விட்டார்கள். அதற்காகச் சொற்களைக் குறைக்க நேர்ந்தது, வரி முன்னைவிடச் செறிவாகவே வந்தது. ‘மலை’யின் குறில் நீளாதபடி மெட்டும் நகர்ந்தது.

மூன்று பாடல்களுக்கு இப்படிச் செய்ய முடிந்தது. மற்ற இரண்டு மெதுவான பாடல்களின் உயிரே அவற்றின் ஏற்றத்தில் இருந்தது. இறக்கிப் பார்த்தபோது பாட்டு செத்துவிட்டது. அவற்றை ஸ்பெஷல் பாட்டுகளாகவே விட்டுவிட்டது சரியான முடிவு. எல்லாப் பாட்டும் சபைப் பாட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பொதி தயாரானது: சி-யிலும் டி-யிலும் எளிய மூன்று ஸ்வரக் கோர்டு தாள், தாள வகையும் பி.பி.எம். எண்ணும், யூனிகோட் தமிழில் பக்கத்துக்கு 4 வரி வீதம் திரைப் பக்கங்கள், தமிழ் வாசிக்கத் தடுமாறும் ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்காக ஆங்கில எழுத்தில் அதே வரிகள், குரலில்லாத டிராக். பழைய கணினிகளில் எழுத்துரு உடையும் என்பதால் திரைப் பக்கங்களைப் படமாகவும் கொடுத்தார்கள். புது ஸ்டூடியோப் பதிவு எடுக்கவில்லை. சபையே பாடுவதை ஒரே கேமராவில் பதிந்து, கூட்டத்துக்கு நடுவே தொங்கவிட்ட இரண்டு மைக்குகளின் ஒலியை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்.

வேகப்பாட்டின் தாளத்தை மாற்றச் சொல்லி வந்த அழுத்தத்துக்குப் பாடகி இணங்கவில்லை. போதகரும் அவரோடு நின்றார். மூப்பரின் மனக்கஷ்டம் மெய்யானது. அந்த அடியோடு அவர் வாழ்க்கையில் சேர்ந்த நினைவுகள் வேறு. ஆனால் ஒரு தாளம் தீட்டாகாது. வடசென்னைத் தெருக்களில் துக்கத்தைச் சுமந்த அதே அடியில் உயிர்த்தெழுதலைப் பாடினால் அதன் பொருள் கூடத்தான் செய்யும். மக்கள் நாடக வடிவமான குறவஞ்சியை எடுத்து வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதியதும் இதே வழிதான். ஆனாலும் மூப்பரின் மனதைத் தள்ளிவிட வேண்டாம் என்று, ஞாயிறு ஆராதனையில் அதைப் பாடுவதை நிறுத்தி, வாலிபர் கூட்டத்துக்கும் தெரு ஊழியத்துக்கும் ஒதுக்கினார்கள்.

பின் விளைவு

மூன்று பாடல்களில் இரண்டு பரவின. மிகத் தெளிவான அடையாளம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பெண்கள் கீபோர்டு இல்லாமல், கைத்தட்டில் அவற்றைத் தாங்களாகவே எடுத்தது. தாங்களாக எடுக்கும்போது அவர்கள் பிடித்த சுருதி 1½ முதல் 2 கட்டைக்குள் இருந்தது. திருத்திய சுருதி பொருத்தமானது என்பதை அது காட்டியது. மூன்றாவது பாட்டு பிடிக்கவில்லை. வரிகள் சொந்த அனுபவத்தை நுணுக்கமாகச் சொல்பவை. கூட்டமாகச் சேர்ந்து சொல்ல அவை இடம் தரவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

முதல் வடிவத்தை நேசித்தவர்களில் சிலர் புது வடிவம் சப்பென்று இருப்பதாகச் சொன்னார்கள். அது தவறல்ல, தனியாகக் கேட்க முதல் வடிவமே மேல். இரண்டும் தளங்களில் இருக்கின்றன. வருமானம் சொல்லும்படியில்லை. ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்துக்குள் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு 2024 முதல் பணமே இல்லை. இரண்டு பாடல்கள் அந்த வரம்பைத் தாண்டவில்லை. ஆராதனை நடத்தச் சொல்லி வரும் அழைப்புகள் இப்போது ஸ்பெஷல் பாட்டு அழைப்புகளைவிட அதிகம்.

அடுத்த ஆல்பத்தில் மாறுபவை

பதிவுக்கு முன்பே மெட்டைச் சபையில் சோதிக்கிறார்கள். தொடர்ந்து மூன்று வாரம், வாத்தியம் இல்லாமல், மைக் இல்லாமல். இரண்டாம் வாரத்தில் பல்லவி சபைக்கு நினைவில் இல்லையென்றால் மெட்டைத் திருத்துவது. நடு வரிசைப் போன் பதிவைக் கேட்காமல் சுருதியை முடிவு செய்வதில்லை. பணத்தைப் பிரிக்கும்போது பொதிக்கான தொகையை முதலில் ஒதுக்கி, மிச்சத்தில் வீடியோ. லூப்புகளுக்குப் பதில் வயலின்காரர் ஒருவரை ஒரு நாள் அமர்த்துவது. அதன் செலவு கோரிக்கைகளோடு அலைவதைவிடக் குறைவு. மெட்டு, வரி, ஒலிப்பதிவு உரிமைகள் முதல் டேக்குக்கு முன் தாளில் கையெழுத்தாகும். கன்டென்ட் ஐடி கட்டத்தை டிக் செய்வதற்கு முன் விலக்குப் பட்டியல் தயாராக இருக்கும். வெளியீடு ஈஸ்டருக்குப் பின் வரும் வாரங்களில், மாஸ்டர் அதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வேகப்பாட்டு இன்னும் இரண்டு சபைகளில் அனுமதி பெறவில்லை. பாடகி வற்புறுத்தவும் இல்லை. இரண்டாம் ஆல்பத்துக்கான முதல் மெட்டு இப்போது காசிமேட்டு உபவாச ஜெபப் பெண்களிடம் இருக்கிறது. அவர்கள் திருத்திக் கொடுத்த பிறகுதான் ஸ்டூடியோவுக்குத் தேதி கேட்கப்போகிறார்கள்.